டாங்கிக்கு எதிரே ஒரு தோள்

பட்டர்வொர்த்தில் வாழ்வோர்க்குப் போர்க்கருவிகளின் ஓசை புதிதன்று. விமானத் தளத்திலிருந்து எழும் வானூர்திகளின் முழக்கத்தில் பாடத்தை நடுவே நிறுத்தி, ஓசை அடங்கியபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்வது இப்பகுதி ஆசிரியர்கட்குப் பழகிப்போன ஒன்று. அத்தகையதோர் இடைவெளியில்தான் மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா எழுப்பினான். "ஐயா, பாய்ஸ் துப்பாக்கி என்று ஒன்று இருக்கிறதே, அது பையன்களுக்காகச் செய்ததா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த 'பேட்டில்ஃபீல்டு ஐந்து' என்னும் கணினி விளையாட்டில் அவன் அத்துப்பாக்கியைக் கண்டிருக்கிறான். விளையாட்டிலே அதைக் கொண்டு டாங்கிகளைச் சுட்டும் இருக்கிறான். ஆனால் அதே துப்பாக்கி அவன் அமர்ந்திருந்த வகுப்பறைக்கு வடக்கே, சாலை வழியே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், மெய்யாகவே ஒரு டாங்கியைச் சுட்டு நிறுத்தியது என்பதை அவன் அறியான். அவன்மீது குறையில்லை. பாடநூல்கள் அதைச் சொல்வதில்லை; திரைப்படங்களும் சொல்வதில்லை. அவனுக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை இங்கே எழுத முனைகிறேன்.

பாய்ஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். இங்கிலாந்தின் என்ஃபீல்டு நகரிலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய கேப்டன் பாய்ஸ் என்பவரே அக்கருவியை வரைந்தவர். 1937ஆம் ஆண்டு நவம்பரில் அரசு அதனை ஏற்றுக்கொள்வதற்குச் சில நாள்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அதுவரை வேறு மறைபெயரால் வழங்கிய துப்பாக்கிக்கு அவர் நினைவாக அவர் பெயரையே சூட்டினர்.

டாங்கி என்னும் கவச ஊர்தி போர்க்களத்தில் முதன்முதல் தோன்றியது 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சில் சோம் ஆற்றுப் போரின்போது. இரும்புப் பெட்டி ஒன்று முள்வேலிகளை மிதித்துக்கொண்டு ஊர்ந்து வருகிறது. சாதாரணக் குண்டுகள் அதன்மீது பட்டுத் தெறிக்கின்றன. எதிரே குழியில் கிடக்கும் தனி வீரனின் நிலை என்ன? பீரங்கி பின்னால் எங்கோ இருக்கிறது. அவனுக்கென்று ஒரு கருவி வேண்டியிருந்தது. 1918இல் ஜெர்மானியர் 13.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டைச் சுடும் பெருந்துப்பாக்கி ஒன்றைச் செய்தனர். டாங்கியை எதிர்க்கவென்றே தோளில் தாங்கிச் சுடும்படி எழுந்த முதற்கருவி அதுவே. பாய்ஸ் துப்பாக்கி அதன் வழித்தோன்றல். விட்டம் 0.55 அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். நீளம் ஐந்தடிக்கு மேல். எடை 16 கிலோ. மேற்புறத்தில் ஐந்து குண்டுகள் கொண்ட பெட்டி. நூறு கெசத் தொலைவில் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகைத் துளைக்கும் என்பது அதன் தகுதி.

சுடுபவனின் தோளுக்கு அது தந்த தண்டனையும் சிறியதன்று. குண்டு முன்னே பாயும் விசைக்கு ஈடான உதை பின்னே வருகிறது. அதனைத் தணிக்கக் குழலின் முனையில் ஒரு தடுப்பும் தோளணையில் மெத்தையும் வைத்திருந்தும், சுட்டவர்களின் தோள் கன்றிப்போயிற்று. இரும்பை எதிர்க்கும் விசை முழுவதையும் தசையும் எலும்பும் தாங்கியாக வேண்டும் என்பதே அக்காலக் கருவிகளின் எல்லை. இந்த எல்லையைப் பின்னர் வந்தோர் எவ்வாறு கடந்தனர் என்பதற்குப் பிறகு வருவேன். இப்போது ஜித்ராவுக்குப் போவோம்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன்னர் ஜப்பானியர் கோத்தாபாருவிலும், சயாமியக் கரையில் சிங்கோராவிலும் பட்டாணியிலும் இறங்கினர். மலாயாவைத் தாக்கிய ஜப்பானிய 25ஆம் படையிடம் 200க்கும் மேற்பட்ட டாங்கிகள் இருந்தன. மலாயாவைக் காத்த பிரிட்டிஷ் படையிடம் ஒன்றுகூட இல்லை. காடும் சேறும் நிறைந்த நாட்டில் டாங்கி ஓடாது என்பது பலரின் எண்ணம்.

இவ்வெண்ணத்தைப் படிக்குந்தோறும் எனக்கு வியப்பே மேலிடும். மலாயாவின் மேற்குக் கரை அப்போது வெறுங்காடாகவா இருந்தது? எல்லையிலிருந்து ஜொகூர் வரை தார்ச்சாலை ஓடியது. சாலையின் இருமருங்கும் ரப்பர்த் தோட்டங்கள். கோடு கிழித்தாற்போல் நிரை நிரையாக நட்ட மரங்கள். அடியில் புல்பூண்டு களைந்த வெறுந்தரை. அந்தச் சாலைகளுக்குக் கல்லுடைத்தவர்களும், அந்தத் தோட்டங்களை வெட்டித் திருத்தியவர்களும் பெரும்பாலும் நம் முன்னோர். டாங்கிகள் ஓடியது காட்டில் அன்று. தமிழன் இட்ட சாலையில்தான் ஓடின. திட்டமிட்டவர்கள் நாட்டின் வரைபடத்தைப் பார்த்திருந்தும், அந்த உழைப்பு நாட்டை எவ்வளவு மாற்றிவிட்டது என்பதைப் பார்க்கவில்லை.

கெடாவைக் காக்க நிறுத்தப்பட்டிருந்தது 11ஆவது இந்தியப் படைப்பிரிவு. பஞ்சாபியர், கூர்க்காக்கள், ஜாட்டுகள் முதலியோரும் சில பிரிட்டிஷ் பட்டாளங்களும் அதில் இருந்தனர். அவ்விந்திய வீரர்களுள் மிகப் பலர் தம் வாழ்நாளில் ஒரு டாங்கியைக் கண்ணால் கண்டதே இல்லை. பாய்ஸ் துப்பாக்கிகள் அவர்களிடம் இருந்தன. எதனை நோக்கிச் சுட வேண்டும் என்பதைக் காட்டிப் பழக்குவதற்கு ஒரு டாங்கிதான் நாட்டில் இல்லை. மலாயாப் படைகளின் தலைமைப் பொறியாளராக இருந்த சிம்சன் என்பார், டாங்கிகளை எதிர்க்கும் முறை பற்றி லண்டனிலிருந்து வந்திருந்த சிறு நூல்கள் தலைமை நிலையத்தின் அலமாரியில் பிரிக்கப்படாமலே கிடந்ததைப் பின்னாளில் எழுதினார். அச்சிட்ட அறிவு அலமாரியில் உறங்குவதன் விளைவு எத்தகையது என்பது ஆசிரியர்களாகிய நமக்கு விளக்க வேண்டியதன்று.

டிசம்பர் 11ஆம் நாள் பிற்பகல். கடும் பருவமழை. 14ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதற்பட்டாளம் சங்லூனிலிருந்து பின்வாங்கிச் சாலையோரமாக வந்துகொண்டிருந்தது. அவர்களுடனிருந்த டாங்கியெதிர்ப்புப் பீரங்கிகளின் சுடுநர், மழைக்கு ஒதுங்கி மரங்களின் கீழ் நின்றிருந்தனர். அவ்வேளையில் மழைத்திரையைக் கிழித்துக்கொண்டு, சேக்கி என்னும் அதிகாரியின் தலைமையில் ஏறத்தாழ 500 பேர் கொண்ட ஜப்பானிய முன்னணிப் படை டாங்கிகளை முன்னே விட்டுச் சாலைவழியே பாய்ந்தது. பீரங்கிகளைத் திருப்புவதற்கும் நேரமில்லை. பட்டாளம் சிதறியது.

டாங்கிகள் நிற்காமல் தெற்கே ஓடின. ஆசுன் என்னுமிடத்தில் ஓடையின்மேல் ஒரு பாலம். அதைக் காத்து நின்றவர்கள் கூர்க்காக்கள். பாலத்தில் வைத்திருந்த வெடி வெடிக்கவில்லை. டாங்கிகளுக்கும் ஜித்ரா அரணுக்கும் இடையே இனி வேறொன்றும் இல்லை என்ற நிலையில், கூர்க்காக்கள் பாய்ஸ் துப்பாக்கியால் சுட்டனர். முன்னால் வந்த டாங்கி செயலற்று நின்று பாதையை அடைத்தது. சற்று நேரத்திற்கு மேல் அத்தடை நீடிக்கவில்லை என்பது உண்மை. ஜப்பானியக் காலாட்படை ஓடையைக் கடந்து சூழ்ந்துகொண்டது. கூர்க்காக்களின் அரணும் குலைந்தது. மறுநாளே ஜித்ராப் போர் முடிந்துபோயிற்று. எனினும் ஓர் உண்மையை அந்தச் சில குண்டுகள் நாட்டிவிட்டன. மலாயாவில் வந்த ஜப்பானிய டாங்கிகள் ஐரோப்பாவின் டாங்கிகளைப் போன்றவை அல்ல. இலேசான 95ஆம் வகையின் கவசம் 12 மில்லிமீட்டருக்கு மேற்படாது. நடுத்தரமான 97ஆம் வகையின் கவசம்கூட அதிகம் போனால் 25 மில்லிமீட்டர். 1941இல் ஜெர்மானிய டாங்கிகளுக்கு முன் பழங்கருவியாய்ப் போய்விட்ட பாய்ஸ் துப்பாக்கி, கெடாவின் சாலையில் இன்னும் பழங்கருவி ஆகிவிடவில்லை. நெருங்கிவர விட்டுக் குறிபார்க்கும் துணிவும், அத்துணிவைத் தரும் பயிற்சியும் இருந்திருந்தால் என்னும் எண்ணம் எழாமல் இல்லை.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. "டாங்கியைக் கண்டதும் இந்தியச் சிப்பாய்கள் ஓடிவிட்டனர்" என்ற பேச்சைப் பல நூல்களில், பல வாய்களில் கேட்டாயிற்று. ஓடியவர் உண்டு. வெள்ளையரிலும் உண்டு. ஆனால் டாங்கியையே பார்த்திராத ஒருவனை அதன்முன் நிறுத்தியவர் யார் என்ற வினாவை எழுப்பாமல், ஓடினான் என்று மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது. ஆசுன் பாலத்தில் ஓடாமல் நின்று சுட்டவர்களும் அதே படைப்பிரிவினர்தாம்.

ஆசுனுக்கு முன் சிதறிய பஞ்சாப் பட்டாளத்தில் கேப்டன் ஒருவர் இருந்தார். டாங்கிகள் ஊடறுத்துச் சென்றபின் அவர் காட்டுக்குள்ளும் சேற்றிலும் அலைந்து, சில நாள்களுக்குப் பின் அலோர் ஸ்டார் பக்கத்தில் ஜப்பானியரின் தொடர்புக்கு வந்தார். ஜப்பானிய அதிகாரி ஃபுஜிவாராவும், பாங்காக்கிலிருந்து வந்த சீக்கியர் பிரீத்தம் சிங்கும் அவருடன் பேசினர். அவர்தாம் மோகன் சிங். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் அமைப்பாளர். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்து அந்த ராணுவத்தை மீண்டும் கட்டி எழுப்பியபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்களும் பெண்களும் திரண்டு சேர்ந்த கதையை நாம் அறிவோம். அந்த வரலாற்றின் ஓர் இழை 1941 டிசம்பர் 11ஆம் நாள் பெய்த மழையில், டாங்கியைத் தடுக்கப் பீரங்கி திரும்பாத அந்தச் சாலையில் தொடங்குகிறது. ஒரு கருவி வேலை செய்திருந்தால் மோகன் சிங் வேறு வழி நாடியிருப்பாரா என்று கேட்பது வீண். பிரிட்டிஷ் ஆட்சிமீது அவருக்கிருந்த மனக்குறை மழையில் முளைத்ததன்று. ஆயினும் அவ்வாட்சி தன் சிப்பாயை எப்படி நடத்துகிறது என்பதற்கு அந்த மாலைப்பொழுதைவிடக் கசப்பான சான்று அவருக்குத் தேவைப்பட்டிராது.

நம் ஊர்க்கதையையும் சற்றுச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 9ஆம் நாள் பட்டர்வொர்த் தளத்திலிருந்து சிங்கோராவைத் தாக்கப் பிளென்ஹைம் விமானங்கள் புறப்பட இருந்தன. ஸ்கார்ஃப் என்னும் தளபதியின் விமானம் மட்டும் மேலெழுந்திருந்த நேரத்தில் ஜப்பானியர் தளத்தின்மீது குண்டு வீசினர். மற்ற விமானங்கள் எழ முடியவில்லை. ஸ்கார்ஃப் தனியாகவே சிங்கோரா சென்று தாக்கி, உயிர்போகும் காயத்துடன் அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கி, அங்கே இறந்தார். விக்டோரியா சிலுவை அவருக்கு 1946இல்தான் அளிக்கப்பட்டது. 11ஆம் நாள் பினாங்குத் தீவின்மீது குண்டு மழை. தெருவில் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்த மக்கள் பலர் மாண்டனர். 16ஆம் நாளையொட்டி ஐரோப்பியர் மட்டும் அமைதியாக வெளியேற்றப்பட்டனர். கொடியிறக்கக்கூட ஆள் இல்லாமற்போன நகரில், கோட்டையின் கொடிக்கம்பத்திலிருந்து பிரிட்டிஷ் கொடியை இறக்கும் பொறுப்பு, 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் சரவணமுத்துவின் கையில் வந்து சேர்ந்தது. ஒரு பேரரசு தன் கொடியைத் தானே இறக்கிக்கொள்ளும் நாகரிகத்தையும் இழந்துவிட்ட காட்சி அது.

டாங்கிகளின் பெருவெற்றி இன்னும் தெற்கே, பேராக் மாநிலத்தின் சிலிம் ரிவரில் நிகழ்ந்தது. 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியற்காலை, நிலவொளியில், ஷிமாடா என்பாரின் தலைமையில் டாங்கிகள் ஒரே வரிசையாகச் சாலையில் பாய்ந்தன. முதலில் 19ஆவது ஹைதராபாத் ரெஜிமெண்டின் நான்காம் பட்டாளம், அடுத்து இரண்டாம் பஞ்சாப் ரெஜிமெண்டு, அடுத்து ஆர்கைல் பட்டாளம், அதன்பின் கூர்க்காக்கள். அரணுக்குப்பின் அரணாக உடைந்தது. பஞ்சாபியர் இட்டிருந்த கண்ணிவெடிகள் முன்னணி டாங்கிகள் சிலவற்றை முடக்கின. ஆனால் சாலை நேராக்கப்பட்டபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் தோட்டத்தினூடே கிடந்தன. அவ்வழியே சுற்றிக்கொண்டு மற்ற டாங்கிகள் முன்சென்றன. சாலையை அடைக்கக்கூடிய கான்கிரீட் உருளைகள் அவ்வட்டாரத்தில் பயன்படாமல் கிடந்தன. வாத்தனாபே என்னும் இளம் அதிகாரி டாங்கியினின்று குதித்து, பாலத்தை வெடிக்கவைக்கும் கம்பிகளைத் தம் வாளால் வெட்டினார். காலையில் சிலிம் ஆற்றுப் பாலமும் அவர்கள் கையில். அதற்கும் அப்பால் பல மைல்கள் சென்றபின், ஒரு பீரங்கிப் படையினர் மிக அண்மையிலிருந்து நேர்குறியாகச் சுட்டபோதே முதல் டாங்கி நின்றது. இரு பிரிகேடுகள் அழிந்தன. நான்கு நாள்கள் கழித்து, ஜனவரி 11ஆம் நாள், கோலாலம்பூர் வீழ்ந்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கதை மாறியது. மூவார் அருகே பாக்ரியில் ஜனவரி 18ஆம் நாள், ஆஸ்திரேலியரின் இரு சிறு பீரங்கிகள் ஒன்பது ஜப்பானிய இலேசு டாங்கிகளைச் சாலையிலேயே எரித்தன. பீரங்கியின் பக்கத்தில் வீரர்; அப்பால் சாலையில் புகையும் டாங்கிகள்; ஓரத்தில் ரப்பர் மரங்கள். அந்த நிழற்படம் மலாயாப் போரைப் பற்றிய நூல்களில் மீண்டும் மீண்டும் அச்சாகியுள்ளது. உலகம் அறிந்த மலாயாவின் டாங்கிப் போர் அந்த ஒரு படம்தான். ஆசுனில் நிழற்படக்காரர் யாரும் இல்லை.

இனி திரைக்கு வருவோம். ஒரு கருவி நாட்டின் நினைவில் எவ்வாறு இடம்பிடிக்கிறது என்பதைப் படைக்கலச் சாலை முடிவு செய்வதில்லை. திரைப்படக்கூடமே முடிவு செய்கிறது. ஜப்பானியர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். சீனப் போரில் 1938இல் இறந்த நிஷிசுமி என்னும் டாங்கித் தலைவரைப் போர்த்தெய்வமாகப் போற்றி, அவர் கதையை 1940இல் திரைப்படமாக எடுத்தனர். சிங்கப்பூர் வீழ்ந்த 1942இலேயே மலாயாப் போர் பற்றிய செய்திப்படத்தைத் தொகுத்துத் தம் நாட்டுத் திரையரங்குகளில் ஓட்டினர். 1943இல் 'மலாயாப் புலி' என்னும் கதைப்படமும் வந்தது. டாங்கியும் வீரமும் ஜப்பானிய இளைஞனின் மனத்தில் ஒன்றாய்க் கலந்திருந்தன.

பாய்ஸ் துப்பாக்கிக்கும் ஒரு திரைப்படம் வாய்த்தது. மிக்கி எலியைப் படைத்த டிஸ்னியின் கூடமே அதனை எடுத்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திற்காக 1942இல் எடுக்கப்பட்ட அதன் பெயர், தமிழில் சொன்னால், 'நிறுத்து அந்த டாங்கியை' என்பது. இயக்கியவர் அப் ஐவர்க்ஸ். மிக்கி எலியின் உருவத்தைத் தொடக்கத்தில் தீட்டியவர் அவரே. இருபது நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட படம். தொடக்கத்தில் வண்ணக் கேலிச்சித்திரம்: இட்லர் டாங்கியில் ஏறி ஆர்ப்பரித்து வருகிறார், வைக்கோற்போரிலும் மரத்திலும் வீட்டிலும் ஒளிந்திருந்து பாய்ஸ் துப்பாக்கிகள் சுடுகின்றன, இட்லர் நரகத்தில் போய் விழுந்து, எமனிடம் முறையிடுகிறார். பிறகு படம் பாடமாக மாறுகிறது. எங்கே படுப்பது, டாங்கியின் எப்பகுதி மெலிந்தது, தோளணையை எப்படி அழுத்திப் பிடிப்பது, எவ்வாறு துடைத்து எண்ணெயிடுவது என்று படிப்படியாகக் காட்டுகிறது.

ஆசிரியன் என்ற முறையில் அப்படத்தை நான் மிக மதிக்கிறேன். அஞ்சியவனை முதலில் சிரிக்கவை. பிறகு கற்றுக்கொடு என்னும் முறையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் அரிது. ஆனால் ஆண்டைப் பாருங்கள், 1942. சிலிம் ரிவர் முடிந்துவிட்ட ஆண்டு. டாங்கியைச் சிரித்துக்கொண்டே எதிர்க்கக் கனடிய இளைஞனுக்கு டிஸ்னி பாடம் நடத்திய ஆண்டில், பாடமே இன்றி எதிர்த்த பஞ்சாபியனும் கூர்க்காவும் முகாம்களில் போர்க்கைதிகளாகக் கிடந்தனர். வேறொரு முரணும் உண்டு. படம் வந்தபோது ஐரோப்பியக் களத்தில் பாய்ஸ் துப்பாக்கியின் காலமே முடிந்துகொண்டிருந்தது. ஜெர்மானிய டாங்கியின் முகப்பில் அதன் குண்டு நுழையாது. படத்தில் வரும் இட்லரைவிட 95ஆம் வகை ஜப்பானிய டாங்கியே அக்கருவிக்குத் தகுந்த இலக்காக இருந்தது. அந்த இலக்கைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

தோளின் எல்லையைக் கடந்த கதை இதுதான். வேகத்தால் துளைக்க முடியாத எஃகை வடிவத்தால் துளைக்கலாம் என்று கண்டனர். வெடிமருந்தின் முன்புறத்தைக் கூம்புபோல் உட்குழிவாக அமைத்து, அதற்கு மெல்லிய உலோகத் தகட்டை உட்போர்வையாக இட்டால், வெடிக்கும்போது அத்தகடு ஊசிபோன்ற தாரையாகக் குவிந்து எஃகை ஊடுருவுகிறது. எறிந்து சேர்த்தால் போதும், வேகம் வேண்டுவதில்லை. 1942இல் அமெரிக்கர் செய்த ராக்கெட் குழாய்க்கு, பாப் பர்ன்ஸ் என்னும் நகைச்சுவை நடிகர் வானொலியில் ஊதிய வேடிக்கைக் குழலின் பெயரை வீரர்கள் சூட்டினர். அதுவே பசூக்கா. போர் முடிந்து 1947இல் அதே பெயரில் ஒரு மெல்லும் மிட்டாயும் கடைக்கு வந்துவிட்டது. சிரிப்பு நடிகரிடம் பிறந்து, டாங்கியை உடைத்து, குழந்தையின் வாய்க்குள் போன சொல் உலகில் வேறொன்று இருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பிரிட்டிஷார் 1943இல் களமிறக்கிய பியட் என்னும் கருவி ராக்கெட்டால் இயங்குவதன்று. உள்ளே ஒரு பெருஞ்சுருள்வில். எடை ஏறத்தாழ 15 கிலோ. வில்லை இழுத்துப் பூட்டவே முழு உடல்வலுவும் வேண்டும். டாங்கியைத் தாக்க நூறு மீட்டருக்குள் நெருங்க வேண்டும். 1977இல் வந்த ஆர்ன்ஹெம் போர் பற்றிய ஆங்கிலப் படத்தில் அதனைக் காணலாம். வெள்ளை வீரரின் தோளில். ஆனால் பியட்டின் மிகப் பெரிய கதைகளுள் ஒன்று இம்பால் போர்க்களத்தில் நிகழ்ந்தது. 1944 ஜூன் 12ஆம் நாள், நிங்தௌகோங் என்னும் ஊரருகே, ஏழாம் கூர்க்கா ரெஜிமெண்டின் வீரர் கஞ்சு லாமா, ஒரு மணிக்கட்டு முறிந்து, மற்றக் கையிலும் காலிலும் காயம்பட்ட நிலையில், பியட்டை இழுத்துக்கொண்டு முப்பது கெசத் தொலைவுவரை ஊர்ந்து சென்று ஜப்பானிய டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக முடக்கினார். அவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. சிக்கிமில் பிறந்த அவரின் பெயர் கியாம்ட்ஸோ. படையில் சேர்த்த எழுத்தர் அதனைச் சரியாகக் காதில் வாங்காமல் கஞ்சு என்று எழுதிவிட்டார். அப்பெயரே நிலைத்தது. 2000ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை உலகம் அவரை எழுத்தர் வைத்த பெயராலேயே அழைத்தது. வடமலாயாவில் கூர்க்காக்கள் சிதறிய இரண்டரை ஆண்டுக்குள் இது. மனிதர் மாறிவிடவில்லை, பயிற்சியும் கருவியும் மாறியிருந்தன.

அதே இம்பால் முனையில் எதிர்ப்பக்கம் இந்திய தேசிய ராணுவமும் நின்றது என்பதை நாம் மறக்கலாகாது. இந்தியர் இருபுறமும் இருந்தனர். இதனை ஒற்றை வீரக்கதையாக்கித் திரையில் காட்டுவது எளிதன்று. ஒருவேளை அதனாலேயே யாரும் முயலவில்லை போலும்.

நம் மலாயாவின் போரைத் திரை எவ்வாறு கண்டது? 1957இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' உலகப் புகழ் பெற்றது. மூலக்கதையை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல், போருக்கு முன் மலாயாவில் தோட்டத்தில் பணியாற்றியவர். படமெடுத்த இடம் இலங்கையின் கிதுல்கல. எழுதியவர் தமிழரிடையே வாழ்ந்தவர். எடுத்த இடம் தமிழரும் வாழும் தீவு. ஆயினும் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் அக்கதையின் மையத்திற்கு எங்கும் வரவில்லை. மலாய்த் திரையுலகம் தன் வீரரை விட்டுவிடவில்லை: 1958இல் பி.ரம்லியின் 'சார்ஜன் ஹசான்'. 2000இல் சிங்கப்பூரின் இறுதிப் போரில் வீழ்ந்த 'லெப்டினன் அட்னான்'. தமிழில் அவ்விடத்தை நிரப்பியது திரை அன்று, எழுத்து. பினாங்கையும் மேடானையும் களமாகக் கொண்டு ப.சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. சயாம் ரயில் பாதைத் துயரை நம் நாட்டு எழுத்தாளர் ஆர்.சண்முகம், அ.ரெங்கசாமி ஆகியோர் புதினமாக்கினர். அந்நூல்களை மாணவர் கையில் கொடுக்காமல், அவன் விளையாட்டில் வரலாறு தேடுகிறான் என்று குறைகூற நமக்கு உரிமையில்லை.

எண்பதுகளில் ஒளிநாடாக் கடைகள் ஊர்தோறும் முளைத்தபோது, தோளில் ராக்கெட் ஏந்திய வீரனின் உருவம் வீடுகளுக்குள் நுழைந்தது. 1985இல் வந்த இரண்டாம் 'ரேம்போ' படத்தில், நாயகன் ஹெலிகாப்டரின் விமானி இருக்கையில் அமர்ந்தபடியே தோள் ராக்கெட்டால் எதிரியின் ஹெலிகாப்டரைத் தகர்க்கிறான். பின்னால் மீட்கப்பட்ட கைதிகள் அமர்ந்திருக்கின்றனர். ராக்கெட் முன்னே பாயும்போது குழாயின் பின்புறமாக நெருப்பும் காற்றும் சீறிப் பாயும். சுடுபவனின் தோளில் உதை இல்லாமற்போனதற்கு அதுவே விலை. மூடிய ஊர்திக்குள் அதைச் சுட்டால் பின்னே இருப்போர் கதி என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, கைதட்டினர். அதன்பின் நம் தமிழ்ப்படங்களிலும் அறைக்குள்ளிருந்து சுடும் நாயகர் பலர் வந்தனர். பாய்ஸ் துப்பாக்கி அவ்வாறு திரையில் கொடிகட்டிப் பறக்காததற்குக் காரணம் விளங்குகிறது. அதில் நெருப்பு இல்லை, புகை இல்லை. படுத்துக்கிடந்து, ஒரு டாங்கி நூறு கெசத்திற்குள் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருப்பதைப் படமெடுப்பது கடினம்.

இவற்றையெல்லாம் படித்தபின், அந்த மாணவனிடம் மறுபடியும் போனேன். 16 கிலோ என்று சொன்னால் அவனுக்கு விளங்காது. சிற்றுண்டிச்சாலையிலிருந்து பத்துக்கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் ஐந்துகிலோ மூட்டை ஒன்றையும் வாங்கி வந்து, கயிற்றால் ஒன்றாகக் கட்டி அவன் தோளில் வைத்தேன். இன்னும் ஒரு கிலோ குறைகிறது என்று மற்றொருவன் தன் புத்தகங்களை அதன்மேல் அடுக்கினான். வகுப்பைச் சுற்றி இரண்டு முறை நடந்தான். மூன்றாம் சுற்றில் நின்று தோளை மாற்றிக்கொண்டான்.

"இதோடு எல்லையிலிருந்து ஜித்ரா வரைக்கும் மழையிலே நடந்தாங்களா, ஐயா?"

"நடந்தார்கள்."

"அந்த டாங்கியைச் சுட்டவர் பேர் என்ன?"

அவர் ஒரு கூர்க்கா என்று மட்டும் சொன்னேன். வானூர்தி ஒன்று மேலே சென்றது. அடங்கும்வரை காத்திருந்தோம்.